ஊசி போட்டு ஆறு வருஷம் ஆகியும் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் ஏன்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 34. 2019-ல் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள் வந்து அரசு மருத்துவமனையில் காட்டியபோது சிபிலிஸ் என்ற பால்வினை நோய் என்றார்களாம். விடிஆர்எல் என்ற ரத்தப் பரிசோதனையில் 1:32. அன்றைக்கே இரண்டு பக்கமும் பின்புறத்தில் ஊசி போட்டார்கள், புள்ளிகள் மறைந்தன. 2021-ல் கல்யாணம். 2022-ல் மனைவி கர்ப்பமாக இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ரத்தத்தில் அவருக்கு ஒன்றுமில்லை. பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. இப்போது குவைத் போக மெடிக்கல் எடுத்தால் டிபிஹெச்ஏ என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ், விடிஆர்எல் 1:2 ரியாக்டிவ் என்று வந்திருக்கிறது. ஊசியின் பலம் ஆறு வருஷத்தில் தீர்ந்துவிட்டதா, கிருமி உள்ளே தூங்குகிறதா, மறுபடி ஊசி போட வேண்டுமா என்று கேட்கிறார். கூடவே இன்னொன்று: ஊசி போட்ட நாளிலிருந்து கருவாடும் கத்தரிக்காயும் தொடவில்லையாம், இன்னும் எத்தனை நாளைக்குப் பத்தியம் என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. டெல்டாவில் அரசு மருத்துவமனை லேப்களில் முப்பது வருஷத்துக்கு மேல் ரத்தம் பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பல வருஷம் பால்வினை நோய்ப் பிரிவிலிருந்து வரும் குப்பிகள்தான் என் மேசையில் நிற்கும். அதனால் உங்கள் கேள்வியில் பாதிக்கு மேல் என் தொழிலைச் சேர்ந்தது. மீதியை டாக்டர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக் கற்றுக்கொண்டதிலிருந்து சொல்கிறேன். நீங்கள் கொடுத்திருக்கும் எண்களைப் பார்த்தால் 2019-ல் போட்ட ஊசி தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டது போலத்தான் தெரிகிறது. 32-லிருந்து 2-க்கு இறங்கியிருக்கிறது. இது நோய் வளர்ந்துகொண்டிருக்கிறவருடைய ரத்தம் மாதிரி இல்லை.

பலம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டீர்களே, அது 2019-லேயே தீர்ந்துவிட்டது. பென்சத்தின் பென்சிலின் என்ற அந்த மருந்து இரண்டிலிருந்து நான்கு வாரம்தான் உடம்பில் இருக்கும். தடுப்பூசி மாதிரி காவலுக்கு உட்கார்ந்திருக்கிற சரக்கு கிடையாது. இருக்கும் கிருமியைக் கொன்றுவிட்டுப் போய்விடும். அடுத்த வருஷம் புதிதாக ஒட்டிக்கொண்டால் அதைத் தடுக்காது. இந்த நோய் ஒருமுறை வந்து குணமானவருக்கு மறுபடி வராது என்றும் கிடையாது.

அந்த ஊசியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பவுடராக வரும், தண்ணீர் விட்டுக் குலுக்கினால் சுண்ணாம்புப் பால் மாதிரி ஆகும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும், அதனால் கொஞ்சம் பருத்த ஊசிதான் போடுவார்கள். மொத்தம் 24 லட்சம் யூனிட், பக்கத்துக்கு 12 லட்சம். போட்டுக்கொண்டு டிவிஎஸ் எக்செல்லில் வீட்டுக்குப் போகிறவர்கள் வழி முழுக்க நின்றுகொண்டேதான் ஓட்டுவார்கள். ரூமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுவதும் இதே மருந்துதான். ஆகவே அதைப் போட்டுக்கொள்கிறவரைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு கெட்டியாக, மெதுவாகக் கரைகிற மருந்து? கிருமி மந்தமான கிருமி. வயிற்றுப்போக்குக் கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகும். சிபிலிஸ் கிருமி இரண்டாக முப்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பென்சிலினோ கிருமி சுவர் கட்டும் நேரத்தில்தான், அதாவது இரண்டாகப் பெருகும் நேரத்தில்தான் அடிக்கும். நாற்று நட்ட மூன்றாம் நாள் பூட்டாக்ளோர் களைக்கொல்லி போடுகிறோமே, அதே கதைதான். அது முளைக்கிற களையைத்தான் கொல்லும், விதையாகக் கிடப்பதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் வயலில் தண்ணீரைக் கட்டி மருந்தைச் சில நாள் நிற்க வைக்கிறோம். ஒரே நாளில் ஏறி இறங்கும் மருந்தைக் கொடுத்தால் அன்றைக்குப் பெருகாமல் கிடந்த கிருமி தப்பித்துவிடும். நோய் வந்து வருஷக்கணக்கானவர்களிடம் கிருமி இன்னும் சோம்பலாக இருக்கும் என்பதால் வாரம் ஒன்றாக மூன்று வாரம் போடுவார்கள். உங்களுக்குப் புள்ளிகள் இருந்த இரண்டாம் நிலையிலேயே பிடித்துவிட்டார்கள். அந்த நிலைக்கு ஒரே தவணை போதும், குறைத்துப் போட்டுவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

அடுத்து, மருந்துக்குக் கிருமி பழகிப்போயிருக்குமோ என்ற பயம். இந்தப் பயம் வெட்டை நோய்க்கு, அதாவது கொனோரியாவுக்கு, நூற்றுக்கு நூறு நியாயம். அந்தக் கிருமியின் கதை நம் நெல்லில் விழும் புகையான் பூச்சியின் கதைதான். ஒரு மருந்து அடித்தால் நாலு போகம் கேட்கும், அப்புறம் அதே மருந்தில் குளித்துவிட்டு எழுந்து நிற்கும். 1930-களில் வந்த சல்ஃபா மாத்திரை பத்து வருஷம் தாங்கவில்லை. பென்சிலின் வந்தது, வருஷத்துக்கு வருஷம் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1976-ல் பென்சிலினையே அறுத்துப்போடும் வெட்டைக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் போயிற்று, சிப்ரோஃப்ளாக்சசினும் போயிற்று. 2007-ல் அமெரிக்காக்காரர்கள் வெட்டைக்கு அதைப் பரிந்துரைப்பதை நிறுத்தினார்கள். 2012-ல் செஃபிக்சிம் மாத்திரையையும் முதல் வரிசையிலிருந்து எடுத்தார்கள். இப்போது செஃப்ட்ரையாக்சோன் ஊசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சிபிலிஸ் கிருமி அப்படியில்லை. 1943-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஜான் மஹோனி என்ற மருத்துவர் நான்கு நோயாளிகளுக்குப் பென்சிலின் போட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து எண்பது வருஷம் தாண்டிவிட்டது. பென்சிலினுக்குப் பணியாத சிபிலிஸ் என்று சிகிச்சையைத் திருப்பிப்போடும் அளவுக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை. மருந்து உலகத்தில் இது அபூர்வம். எனக்குத் தெரிந்து இவ்வளவு காலம் வாக்குத் தவறாத மருந்து வேறில்லை. 1910-ல் வந்த ஆர்சனிக் ஊசி, அதற்கு முன்னால் பாதரசம் என்று நோயோடு நோயாளியையும் சேர்த்து வாட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ரசம் நம் வைத்தியத்தில் மட்டும் இருந்ததில்லை, அந்தக் காலத்து வெள்ளைக்கார டாக்டர்களும் அதைத்தான் கொடுத்தார்கள். நோயின் பெயரிலேயே சரித்திரம் இருக்கிறது. 16-ம் நூற்றாண்டு வடமொழி வைத்திய நூலில் இதை பிரங்க ரோகம் என்று எழுதியிருக்கிறார்கள், பறங்கியரோடு வந்தது என்று பொருள். நம் பக்கத்தில் மேகம் என்றும் கிரந்தி என்றும் சொல்வோம். யார் கொண்டுவந்தார்கள் என்பதில் எல்லா நாட்டுக்கும் ஒரே பழக்கம்தான், பக்கத்து வீட்டுக்காரன் என்பார்கள்.

பென்சிலினுக்குப் பழகாத இந்தக் கிருமி அசித்ரோமைசினுக்கு மட்டும் நன்றாகவே பழகிவிட்டது. மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், அந்த மாத்திரை வேலை செய்யாது. இந்த நூற்றாண்டு தொடக்கத்திலேயே சான் ஃபிரான்சிஸ்கோவில் மாத்திரை சாப்பிட்டும் குணமாகாதவர்களைப் பார்த்துவிட்டார்கள், இன்று பல நாடுகளில் அந்த வகைதான் அதிகம். நம் மெடிக்கல் கடைகளில் 'மூணு மாத்திரை அட்டை' என்று கேட்டாலே எடுத்து நீட்டுவது இதைத்தான். புண் வந்த ஆள் வெட்கப்பட்டு மருத்துவமனைக்குப் போகாமல் அந்த அட்டையை வாங்கி விழுங்குவார், புண் ஆறும். மாத்திரையால் ஆறவில்லை. சிபிலிஸ் முதல் புண் வலிக்காது, மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் தானே ஆறிவிடும். பேர் மாத்திரைக்குப் போய்ச் சேரும், கிருமி உள்ளே போய் உட்காரும். அப்படி ஒருவர் எங்கள் லேப்புக்குத் தாமாக வரவில்லை. அவர் மனைவிக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்து, அந்தம்மாவின் ரத்தம் வந்து, அதன் பிறகுதான் அவரைக் கூப்பிட்டு எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் 1:64. எண்ணை எழுதும்போது கை நிதானமாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்கள். 100 மில்லிகிராம், காலையும் மாலையும், ஆரம்ப நோய்க்கு 14 நாள், நாள்பட்டதற்கு 28 நாள். நாலு நாள் சாப்பிட்டுவிட்டுப் புண் ஆறியது என்று நிறுத்துகிறவர்களுக்கு இது சரிப்படாது. கர்ப்பிணிகளுக்கு டாக்ஸிசைக்ளினும் கிடையாது, பென்சிலினேதான். ஒவ்வாமை இருந்தாலும் மருத்துவமனையில் படுக்க வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கித்தான் போடுவார்கள்.

இனி உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். இது என் ஏரியா, கொஞ்சம் நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிபிலிஸ் கிருமியை லேப் தட்டில் வளர்க்க முடியாது. சளியில் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கிற மாதிரி ரத்தத்தில் இதை வளர்த்து 'இருக்கிறது, இல்லை' என்று சொல்ல வழியே இல்லை. 2018-ல்தான் முயலின் செல்களோடு சேர்த்து வெகுகாலம் வளர்த்துக் காட்டினார்கள், அதுவும் ஆராய்ச்சிக்கூடத்தில். அதனால் நாங்கள் பார்ப்பது கிருமியை இல்லை. கிருமி வந்தபோது உங்கள் உடம்பு எழுப்பிய எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்கிறோம். அந்த எதிர்ப்புப் பொருள் இரண்டு வகை, அதனால்தான் டெஸ்டும் இரண்டு.

டிபிஹெச்ஏ நேராக இந்தக் கிருமிக்கென்றே உருவான எதிர்ப்புப் பொருளைத் தேடும். அது அம்மைத் தழும்பு மாதிரி. அம்மை இறங்கி நாற்பது வருஷம் ஆனாலும் முகத்தில் இருக்கும், அதைப் பார்த்து இன்றைக்கு அம்மை கண்டிருக்கிறது என்று வேப்பிலை கட்ட மாட்டோம். பெரும்பாலானவர்களுக்கு டிபிஹெச்ஏ ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். முதல் புண் நிலையிலேயே ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து இருபத்தைந்து பேருக்கு இரண்டு மூன்று வருஷத்தில் மறையலாம். நீங்கள் இரண்டாம் நிலையில் வந்தவர், உங்களுக்கு அது மறையும் என்று காத்திருக்க வேண்டாம். சிகிச்சை வேலை செய்ததா என்று பார்க்க டிபிஹெச்ஏ எதற்கும் உதவாது. ஒவ்வொரு வருஷமும் காசு கொடுத்து அதை எடுத்துப் பார்த்து அழுகிறவர்களை எனக்குத் தெரியும்.

சிகிச்சையைச் சொல்வது விடிஆர்எல்தான், அதிலும் அந்த எண். விடிஆர்எல்லுக்குப் பயன்படும் சரக்கு மாட்டு இதயத்திலிருந்து எடுத்த ஒரு கொழுப்பு என்றால் நம்ப மாட்டீர்கள். கிருமி நம் செல்களை உடைக்கும்போது அதே மாதிரிக் கொழுப்பு வெளியே வரும், அதற்கு எதிராக உடம்பு ஒரு பொருளை உண்டாக்கும், அதைத்தான் இது பிடிக்கிறது. அதனாலேயே கர்ப்பம், காசநோய், தொழுநோய், மலேரியா, லூபஸ், வயோதிகம் என்று வேறு காரணங்களிலும் லேசாக ரியாக்டிவ் காட்டும். அப்போதுதான் இரண்டாவது சாட்சியாக டிபிஹெச்ஏ தேவைப்படுகிறது.

செய்முறை இது. ரத்தத்தைச் சுழற்றி மேலே தெளிந்த சீரத்தை எடுத்து, 56 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைப்போம். பள்ளமிட்ட கண்ணாடியில் ஒரு சொட்டு சீரம், அதன்மேல் ஒரு சொட்டு அந்தக் கொழுப்புக் கலவை. சுழலும் மேசையில் சரியாக நான்கு நிமிஷம். உடனே மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும், மின்சாரம் போனால் திரும்ப முதலிலிருந்து. ஒன்றுமில்லாத ரத்தம் என்றால் மெல்லிய ஊசிகளைத் தூவிய மாதிரி சமமாகத் தெரியும். இருக்கிற ரத்தம் என்றால் திரிந்த பாலைப் போல் கட்டி கட்டியாகச் சேர்ந்து நடுவில் வெளி விட்டிருக்கும். அப்படிக் கட்டினால் சீரத்தை உப்புத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து மறுபடி பார்ப்போம், அதில் பாதி எடுத்து மறுபடி பாதி. மோரில் தண்ணீர் விட்டுக்கொண்டே போய் எந்த டம்ளரில் புளிப்பு காணாமல் போகிறது என்று பார்க்கிற மாதிரி. 1:32 என்றால் முப்பத்திரண்டு மடங்கு நீர்த்த பிறகும் உங்கள் ரத்தம் கட்டியது என்று பொருள். 1:2 என்றால் இரண்டாவது டம்ளரோடு முடிந்தது.

32, 16, 8, 4, 2. நான்கு படி இறங்கியிருக்கிறீர்கள். டாக்டர்கள் எதிர்பார்ப்பது இரண்டு படி, அதாவது நாலில் ஒரு பங்காகக் குறைவது. உங்களைப் போல் ஆரம்பத்தில் பிடித்தவர்களுக்கு அது ஒரு வருஷத்துக்குள், நாள்பட்டவர்களுக்கு இரண்டு வருஷத்துக்குள் நடக்க வேண்டும். ஒரு படி ஏறுவதும் இறங்குவதும் கணக்கிலேயே சேராது. ஒரே ரத்தத்தை நான் பார்த்து 1:2 எழுதுவேன், பக்கத்து மேசைத் தம்பி 1:4 எழுதுவார், இரண்டும் சரிதான். அதனால்தான் ஒரே லேப்பில், ஒரே முறையில் பார்க்கச் சொல்வது. விடிஆர்எல்லுக்குத் தம்பி முறையான ஆர்பிஆர் என்று ஒன்று உண்டு, கரித்தூள் கலந்து அட்டையில் பார்ப்பது, கண்ணாலேயே தெரியும். அதில் எண் பெரும்பாலும் கொஞ்சம் கூட வரும். ஒரு வருஷம் இதில், மறு வருஷம் அதில் எடுத்துவிட்டு ஏறிவிட்டதே என்று பதற வேண்டாம்.

சரி, பூஜ்யத்துக்கே ஏன் வரவில்லை? சிலருக்கு வருவதில்லை. எண் நன்றாக இறங்கி, அடியில் 1:1, 1:2, 1:4 என்று எங்கோ நின்று வருஷக்கணக்காக அப்படியே கிடக்கும். அறுத்த வயலில் தாள் நிற்கிற மாதிரி. இன்னும் சிலருக்கு இரண்டு படி இறங்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். முறையாக ஊசி போட்டுக்கொண்டவர்களிலேயே பத்துக்கு ஒருவர் இருவர் அப்படி. இப்படி நிற்கிற எண்ணை விரட்ட ஊசி மேல் ஊசி போட்டாலும் பெரும்பாலும் நகராது. கிருமி இல்லாத இடத்தில் மருந்து யாரைக் கொல்லும்?

எந்த நேரத்தில் நிஜமாகவே பயப்பட வேண்டும் என்றால், இறங்கி நின்ற எண் இரண்டு படி ஏறினால். உங்கள் 1:2 ஒருநாள் 1:8 ஆகி, இரண்டு வாரம் கழித்து எடுத்தாலும் அப்படியே நின்றால் விஷயம் வேறு. என் அனுபவத்தில் அப்படி ஏறி வந்தவர்கள் பெரும்பாலும் புதிதாக வாங்கிக்கொண்டு வந்தவர்கள்தான், பழைய ஊசி தோற்றவர்கள் குறைவு. நெல் லாரி ஓட்டும் ஒருவருக்கு 1:64-லிருந்து 1:4 வரை இறங்கி, மறு வருஷம் 1:32. 'உங்க ஊசி டூப்ளிகேட்' என்று லேப் வாசலில் நின்று சத்தம் போட்டார். கவுன்சலிங் அறையில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் தெரிந்தது, ஊசி இவர் மட்டும் போட்டுக்கொண்டு வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தம்மாவுக்கு ஊசியே போடவில்லை. இவர் குணமாகி, இவர் கொடுத்ததையே திரும்ப வாங்கிக்கொண்டார். அதனால்தான் கடந்த மூன்று மாதத்துக்குள் உறவில் இருந்தவர்களுக்கு ரத்தத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஊசி போட்டுவிடுவார்கள். உங்கள் விஷயத்தில் ஊசிக்கு இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம், மனைவிக்கு 2022-ல் இல்லை. அதுவே உங்கள் ஊசிக்கு ஒரு நல்ல சாட்சி.

ஊசியால் முடியாத வேலையும் உண்டு. கிருமி மூளைக்கோ கண்ணுக்கோ காதுக்கோ போயிருந்தால் பின்புறத்தில் போடும் ஊசி அங்கே போதிய அளவு எட்டாது. அதற்கு மருத்துவமனையில் படுத்து நரம்பு வழியாகப் பத்திலிருந்து பதினான்கு நாள் பென்சிலின் ஏற்ற வேண்டும். பார்வை மங்கல், காது இரைச்சல், திடீரென்று காது மந்தம், நடையில் தள்ளாட்டம், விடாத தலைவலி இதில் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்பார், ஒளிக்காமல் சொல்லுங்கள். எச்ஐவி பரிசோதனையும் எடுத்துக்கொள்ளுங்கள், அது இருந்தால் இந்த எண்களை அடிக்கடி பார்க்க வேண்டிவரும். இருபது முப்பது வருஷம் சிகிச்சையில்லாமல் விட்டு இதயத்தின் பெருங்குழாய் வீங்கிப்போனவர்களுக்கு ஊசி கிருமியைக் கொல்லும், வீங்கிய குழாயைப் பழையபடி ஆக்காது. உங்கள் கதை அதன் பக்கத்தில்கூட இல்லை.

இத்தனையும் நான் தைரியமாகச் சொல்ல முடிவது ஒரே ஒரு காரணத்தால்தான். 2019 சீட்டை நீங்கள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்கள். நம் பக்கத்தில் இது நடக்கவே நடக்காது. இந்த ஒரு நோய்க்கு மட்டும் யாரும் உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். கும்பகோணத்துக்காரர் மாயவரம் வருவார், மாயவரத்துக்காரர் சிதம்பரம் போவார், பட்டுக்கோட்டைக்காரர் தஞ்சாவூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று திருச்சிக்கே பஸ் ஏறுவார். பெயரை மாற்றிச் சொல்வார்கள், அப்பா பெயரையும் சேர்த்து மாற்றியவர் உண்டு. ஊசி போட்ட கையோடு சீட்டைக் கிழித்து பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எட்டு வருஷம் கழித்து 1:8 என்று ஒரு ரிப்போர்ட்டோடு வந்து நின்றால் என்ன சொல்வது? 1:128-லிருந்து இறங்கிவந்த எட்டா, ஒன்றுமில்லாமல் இருந்து ஏறிய எட்டா? சீட்டு இருந்தால் ஒரு நிமிஷ வேலை. இல்லையென்றால் நாள்பட்டது என்று எடுத்துக்கொண்டு மூன்று வாரம் மூன்று தவணை போடுவதைத் தவிர டாக்டருக்கு வேறு வழியில்லை. அதுவும் சில சமயம் அந்த ஊசி ஊரிலேயே கிடைக்காது, தட்டுப்பாடு வந்த வருஷங்களைப் பார்த்திருக்கிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கூரையோடு டிரங்குப் பெட்டியும் போய்விட்டது, சீட்டு அதில்தான் இருந்தது என்றார். பெயரை மாற்றாமல் கொடுத்திருந்தவர். எந்த வருஷம், எந்த மாதம் என்று கேட்டு, பழைய ரிஜிஸ்டரைப் புரட்டி அரை மணி நேரத்தில் எண்ணை எடுத்துவிட்டேன். சீட்டைத் தொலைத்தவர்கள் இதைப் படித்தால் ஊசி போட்ட இடத்திலேயே போய்க் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தஞ்சாவூரிலோ பால்வினை நோய்ப் பிரிவுக்கு, சுகவாழ்வு மையம் என்று போர்டு இருக்கும், 2019 சீட்டையும் இப்போதைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். காசு கிடையாது. விடிஆர்எல் எண்ணோடு ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள், வெறும் ரியாக்டிவ் என்று மட்டும் எழுதினால் எண் வேண்டும் என்று கேளுங்கள். ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். எண் அதே இடத்தில் நின்று, வேறு தொந்தரவும் இல்லையென்றால் வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார். சிகிச்சை பெற்ற தேதி, மருந்து, அளவு, அன்றைய எண், இன்றைய எண் இவை ஐந்தையும் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த குழந்தை உண்டானால் மனைவிக்கு முதல் மூன்று மாதத்திலேயே இந்த ரத்தம் எடுப்பார்கள், எடுத்தார்களா என்று தாய் சேய் அட்டையைத் திறந்து பாருங்கள்.

குவைத் மெடிக்கலைப் பொறுத்தவரை அங்கே நடப்பது வேறு கணக்கு. அவர்கள் பார்ப்பது தங்கள் விதிப்படி தகுதியா இல்லையா என்று, நீங்கள் குணமானவரா என்று இல்லை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்து போகிற நம் பக்கத்தில் இந்த டிபிஹெச்ஏ தழும்பால் பயணம் தடைப்பட்டு நின்றவர்கள் என்னிடமே வந்திருக்கிறார்கள். தழும்பை அழித்துக் கொடுங்கள் என்று கேட்பார்கள். எந்த மருந்தும் அழிக்காது. அழித்துத் தருகிறேன் என்று சொல்லும் ஏஜெண்டுக்கோ வைத்தியருக்கோ காசைக் கொடுத்துவிடாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் லெட்டரை மெடிக்கல் சென்டரில் காட்டி, மேற்கொண்டு பரிசீலிக்க வழி இருக்கிறதா என்று கேட்பது ஒன்றுதான் நேர் வழி.

பத்தியம். பென்சிலின் ஊசிக்குக் கருவாட்டோடு எந்தப் பகையும் கிடையாது. கத்தரிக்காய் அரிக்கும் என்பது சொறி சிரங்குக்குச் சொல்லிவந்தது, அதை யாரோ உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். ஆறு வருஷம் அதிகம் தம்பி. இந்த ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் கருவாட்டில் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள்.